காப்பகத்து மட்டக்குதிரையின் முரட்டுத்தனம்: நோயா, குணமா, பழக்கமா?

கேள்வி
எழுதியவர்: கோத்தகிரிச் சரிவு

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியில் கைவிடப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் வைத்துப் பராமரிக்கும் சிறிய காப்பகம் ஒன்றில் தீவனப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். எங்களிடம் உள்ள ஒரு மட்டக்குதிரையைப் பற்றி, குதிரைகளோடு நெடுநாள் பழகியவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அதற்கு நாங்கள் வைத்த பெயர் கடுகு. செம்பழுப்பு நிறம், தோள் உயரம் ஏறத்தாழ நான்கடி, நாடாவால் அளந்து கணக்கிட்ட எடை சுமார் 220 கிலோ. சுற்றுலாப் பயணிகளைச் சுமந்துகொண்டிருந்த குதிரை அது. பருவம் முடிந்ததும் தீனிச் செலவுக்கு அஞ்சிச் சாலையில் விட்டுவிட்டார்கள். காய்கறிச் சந்தைக்குப் பின்னால் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தபோதுதான் எங்களிடம் வந்து சேர்ந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் என்ற நிலை, முதுகில் சேணம் உரசிய புண்கள், பிளந்த குளம்புகள். அப்போது அதைப் போலச் சாதுவான பிராணி எங்கள் காப்பகத்தில் வேறில்லை.

உடம்பு தேறத் தேறத்தான் அதன் சுபாவம் வெளிப்பட்டது. உதட்டாலேயே தாழ்ப்பாளை நகர்த்திக் கதவைத் திறந்துகொண்டு தீவன அறைக்குப் போய்விடுகிறது. தான் போவதோடு நில்லாமல், அடுத்த லாயத்துக் கழுதைகளின் கதவையும் திறந்துவிட்டுப் போகிறது. தண்ணீர் வாளியைக் கவிழ்க்கிறது. வருவோர் சட்டைக் கையைப் பற்களால் இழுக்கிறது. சென்ற வாரம் ஒரு சிறுவனின் கையில் பல் பதிந்து கன்றிவிட்டது. இடது பின்னங்காலைத் தூக்க யாரையும் அனுமதிப்பதில்லை, லாடம் அடிப்பவர் வந்தால் அவரை நெருங்கவே விடுவதில்லை. மேய்ச்சலில் மற்ற குதிரைகளைப் புல்லை விட்டு விரட்டுகிறது. இத்தனைக்கும் நடுவே, பார்வை இழந்த கிழட்டுப் பெண்குதிரை ஒன்றைத் தன் பக்கத்திலேயே நின்று தின்ன விடுகிறது. அதுவும் இதன் காலடி ஓசையைக் கேட்டுத்தான் நடமாடுகிறது.

பசும்புல்லாகப் பெரும்பாலும் கிக்குயு புல், காலையில் கோதுமைத் தவிடு, மாலையில் ஊறவைத்த கொள்ளு, அவற்றோடு சந்தையில் கழித்துப்போட்ட கேரட் ஆகியவற்றைக் கொடுக்கிறோம். பார்வையாளர்களும் கையில் கேரட் வைத்து ஊட்டுகிறார்கள். காயடித்த குதிரை என்று கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு ஆவணம் எதுவும் இல்லை.

இதற்கிடையில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், குழந்தைகள் சவாரி செய்வதற்காக இதைத் தமக்குத் தருமாறு கேட்கிறார். காப்பகத்திலேயே சிலர், தொல்லை குறையும் என்பதால் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். இந்த முரட்டுத்தனம் நோயின் அறிகுறியா, பிறவிக் குணமா, நாங்கள் ஏற்படுத்திய பழக்கமா என்பதை எப்படிப் பிரித்தறிவது? எதிலிருந்து தொடங்குவது?

பதில்
எழுதியவர்: மந்தை மருத்துவன்

வணக்கம் அம்மா. நான் கால்நடை மருத்துவன். குதிரைகளைப் பார்த்துப் பழக்கம் உண்டு. நேரில் பார்க்காமல் நோயைச் சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு செய்தி மற்ற எல்லாவற்றையும்விட என்னை உறுத்துகிறது. அது கடியோ தாழ்ப்பாளோ அன்று, தீவனம்.

கிக்குயு புல்லில் ஆக்சலேட் என்னும் வேதிப்பொருள் மிகுதி. அது புல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொள்வதால், குதிரையின் குடல் அதை உறிஞ்ச முடியாமல் போகிறது. அதே ஆக்சலேட்டை மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் பெருமளவு சிதைத்துவிடுகின்றன. அதனால்தான் அதே மேய்ச்சலில் மாடு நலமாக இருக்கும்போது குதிரை மட்டும் பாதிக்கப்படுகிறது. தவிடு இதற்கு மேல் ஒரு சுமை. அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்தோ மிகச் சொற்பம். குதிரையின் உணவில் சுண்ணாம்புச் சத்து ஒருபோதும் பாஸ்பரஸைவிடக் குறையக் கூடாது. ஒன்றரை மடங்கிலிருந்து இரு மடங்கு வரை இருப்பது நல்லது. இந்த விகிதம் பல மாதங்கள் தலைகீழாக இருந்தால், உடல் தன் இரத்தத்துக்குத் தேவையான சுண்ணாம்பை எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கும். முற்றிய நிலையில் முக எலும்புகள் வீங்கிப் பருக்கும். அதற்கு வெகு முன்பே ஒரு காலில் தெரிந்து மறு காலுக்கு மாறும் நொண்டல், மூட்டு வலி, தொட்டால் சீறும் மனநிலை ஆகியவை வரக்கூடும். பின்னங்காலைத் தூக்க மறுக்கும் குதிரையை அடங்காதது என்று முடிவுகட்டும் முன், தூக்கினால் அதற்கு வலிக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். இடது காலை நீங்கள் தூக்கும்போது வலது காலும் இடுப்பும் முழு எடையையும் தாங்க வேண்டியிருப்பதால், வலி தாங்கும் காலிலும் இருக்கலாம்.

எனவே தவிட்டைப் படிப்படியாக நிறுத்துங்கள். கிக்குயுவில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் குதிரை மசால் என்னும் தீவனப் பயிரைக் கொடுங்கள். அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பயிரிடுகிறார்கள். நேப்பியர் புல்லுக்கு மாறினால் போதும் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள், அதிலும் ஆக்சலேட் உண்டு. எந்த மாற்றத்தையும் பத்து நாட்களுக்குக் குறையாமல், சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது; தீவனம் சட்டென்று மாறினால் வரும் வயிற்றுவலி உயிரையே பறித்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை, உலர் நிலையில் கணக்கிட்டு உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு வரை நார்த்தீவனம் தேவை. உங்கள் குதிரைக்கு அது 3.3 முதல் 4.4 கிலோ வரை வரும். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான் என்று கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 முதல் 22 கிலோ புல். இதை இரு வேளையாகப் போடாமல் நாள் முழுவதும் பரவலாகக் கொடுக்க வேண்டும். குதிரையின் இரைப்பை சிறியது, அதில் அமிலமோ தின்றாலும் தின்னாவிட்டாலும் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றோடு நெடுநேரம் நிற்கும் குதிரைக்கு இரைப்பைப் புண் வருவதும், அந்தக் கடுப்பில் அது பல்லைக் காட்டுவதும் அடிக்கடி காண்பவையே.

காயடித்தல் பற்றிய ஐயத்தை இரத்தப் பரிசோதனையில் தீர்த்துக்கொள்ளலாம். ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட ஆண்குதிரை, வெளிப்பார்வைக்குக் காயடித்ததைப் போலவே இருக்கும். அதன் நடத்தை மட்டும் பொலிகுதிரையுடையதாகவே தொடரும். ஓர் ஊசி போட்டு, அதற்கு முன்னும் பின்னும் ஆண் சுரப்பின் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். மற்ற குதிரைகளை விரட்டிவிட்டு ஒரு பெண்குதிரையை மட்டும் அருகில் வைத்துக்கொள்வது நட்பாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம்.

பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். குதிரைப் பல் ஆயுள் முழுவதும் ஈறிலிருந்து வெளிவந்துகொண்டே இருக்கும், ஒழுங்காகத் தேயாத கடைவாய்ப் பல்லின் கூர்முனை கன்னத்தைக் கிழிக்கும். தொண்டூழியர்கள் வந்துபோகும் இடம் என்பதால் மேலும் இரண்டு செய்திகள். குதிரைகளை இரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் தாக்கும், தடுப்பூசி தவறக் கூடாது. கிளாண்டர்ஸ் நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். வெளியிலிருந்து வந்த குதிரைக்கு அந்தப் பரிசோதனை நடந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நோய் உறுதியானால் அரசுக்கு அறிவித்தாக வேண்டும்.

பதில்
எழுதியவர்: அந்தியூர்ச் சந்தைக்காரர்

டாக்டர் சொன்னதற்கு மேல் மருத்துவத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் குடும்பம் ஜட்கா வண்டி ஓட்டிய குடும்பம். ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில், கையாளும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் காலைப் பற்றி. தூக்க மறுக்கும் காலை நேராகப் பிடிக்கப் போகாதீர்கள். குதிரைக்குத் தன் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் இருப்பது தெரியாது. ஆகவே தோள் பக்கமாக வந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கையை முதுகின் மீது வைத்து, கையை எடுக்காமல் இடுப்பு வரை நகர வேண்டும். இடுப்பை ஒட்டி, வாலைப் பார்த்தவாறு நிற்க வேண்டும். ஒட்டி நிற்பவரைத் தள்ளத்தான் முடியும். எட்டி நிற்பவர் மீதுதான் உதை முழு வேகத்தில் விழும். ஒரு நீளக் குச்சியில் சாக்கைச் சுற்றி, அதனால் இடுப்பிலிருந்து முழங்கால் வரை தடவுங்கள். கால் உதறினால் குச்சியை எடுக்காதீர்கள், அதே இடத்தில் வைத்திருங்கள். உதறல் நின்று கால் தளர்ந்த அந்த நொடியில் எடுத்துவிடுங்கள். எடுக்கும் நேரத்தில்தான் பாடமே இருக்கிறது. உதறும்போது எடுத்தால் உதறினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும், தளர்ந்தபோது எடுத்தால் தளர்ந்தால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். குச்சிக்குப் பழகிய பிறகு கை, கைக்குப் பழகிய பிறகு ஒரு கணம் தூக்கி உடனே வைத்துவிடுதல். டாக்டர் வலி இல்லை என்று சொன்ன பின்புதான் இதைத் தொடங்க வேண்டும்.

லாடக்காரர் அவசரத்தில் காதை முறுக்கவோ மேல் உதட்டைக் கயிற்றால் திருகவோ பார்ப்பார், அனுமதிக்காதீர்கள். காதை முறுக்கி ஒரு லாடத்தை அடித்துவிடலாம். அதன் பிறகு தலைக்கயிறு மாட்டவே தினமும் போராட வேண்டியிருக்கும்.

உங்கள் குதிரைக்கு வேலை இல்லை என்பதையும் யோசியுங்கள். பயணிகளைச் சுமந்து நாள் முழுவதும் நடந்த குதிரை, இப்போது நல்ல தீனியோடு கொள்ளும் தின்றுவிட்டு நிற்கிறது. அந்தக் கொள்ளு எங்கே போய்ச் சேரும்? உங்கள் தாழ்ப்பாளில்தான். கொள்ளு கடின வேலை செய்யும் குதிரைக்கு உரிய தீனி. சும்மா நிற்கும் மட்டக்குதிரைக்குப் புல்லே மிகுதி. கொள்ளை அறவே நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் நீளக் கயிற்றில் பிடித்து மேட்டிலும் பள்ளத்திலும் நடத்திக்கொண்டு போங்கள். போகும் வழி நாளுக்கு நாள் மாறட்டும்.

தாழ்ப்பாளுக்கு வழி எளிது. மேலே ஒன்று இருக்கட்டும், கதவின் அடியில் வெளிப்புறமாக, வாய் எட்டாத இடத்தில் இன்னொன்று போடுங்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரு குதிரை முடிச்சையே அவிழ்க்கும். அடித்தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் அண்டை வீட்டுக் கீரைப்பாத்தி தப்பியது.

இறுதியாக, அதன் உடம்பில் சுழி, அதாவது முடி சுழன்று வளரும் இடம், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுழிக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டென்று நான் நம்புவதில்லை. ஆனால் சந்தையில் சுழி சுத்தம் இல்லாத குதிரை குறைந்த விலைக்குப் போகும், குறைந்த விலைக்கு வாங்கியவர் அதற்குச் செலவு செய்யத் தயங்குவார், கை மாறிக்கொண்டே இருக்கும். பல கைகளில் அடிபட்ட குதிரையா என்பதற்கு அது ஒரு தடயம்.

பதில்
எழுதியவர்: கோத்தகிரிச் சரிவு

இருவருக்கும் நன்றி. சுழியைப் பார்த்தோம், நெற்றியில் இரண்டு இருக்கின்றன. கேரட்டைப் பற்றி இருவருமே எதுவும் சொல்லவில்லை. பார்வையாளர்கள் ஊட்டுவதைத் தடுத்தால் நன்கொடை குறையும் என்று எங்கள் நிர்வாகக் குழு அஞ்சுகிறது. விடுதிக்காரரின் கோரிக்கைக்கும் விரைவில் பதில் சொல்ல வேண்டும்.

பதில்
எழுதியவர்: நார்ஃபோக் வயல்வெளி

வணக்கம். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் வாழும் தமிழ்ப் பெண் நான். வார இறுதிகளில் இங்குள்ள ஒரு குதிரைக் காப்பகத்தில் தொண்டு செய்கிறேன். கேரட்டும் விடுதியும் ஆகிய இரண்டைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

சட்டைக் கையை இழுப்பது கோபத்தால் அன்று என்றே நினைக்கிறேன். குப்பையில் உணவு தேடிய பிராணிக்கு மனிதக் கை என்பது கேரட் முளைக்கும் இடமாகிவிட்டது. கை வெறுமையாக வரும்போது அது சோதித்துப் பார்க்கிறது, பல் படுகிறது. இதற்கு அடித்தால் கடி நிற்காது. கடித்துவிட்டுத் தலையைச் சட்டென்று பின்னிழுக்கக் கற்றுக்கொள்ளும். கையால் ஊட்டுவதை முற்றாக நிறுத்திவிட்டு, தீனியை எப்போதும் தரையிலோ வாளியிலோ மட்டும் வையுங்கள். பார்வையாளர்களுக்கு ஊட்டும் மகிழ்ச்சி வேண்டுமென்றால், வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குழாய் வழியாகத் துண்டுகளை உள்ளே இருக்கும் தொட்டியில் போடச் செய்யலாம். கேரட்டை வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்குங்கள், வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். அளவும் கைப்பிடிக்குள் இருக்கட்டும். மட்டக்குதிரைகள் குறைந்த புல்லில் பிழைக்கப் பழகிய இனங்கள். மாவும் சர்க்கரையும் மிகுந்தால் குளம்புக்குள் அழற்சி உண்டாகி, நிற்கவே முடியாமல் போகும். குளம்பு சூடாக இருந்தாலோ, எடையைப் பின்னங்கால்களில் சாய்த்து நின்றாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள். எடை கூடுவதைக் கண்ணால் மதிப்பிடாமல், 1983-இல் ஹென்னெகி என்பவர் வகுத்த ஒன்று முதல் ஒன்பது வரையிலான உடல்நிலை அளவுகோலை வைத்து, விலாவையும் பிடரியையும் கையால் தடவிப் பார்த்துக் குறித்துக்கொள்வது இங்கே வழக்கம். ஐந்துக்கு அருகில் இருப்பது நல்லது.

இத்தகைய சுறுசுறுப்பான குதிரையின் மூளைக்கும் தீனி வேண்டும். ஒரு கழியின் நுனியில் பந்தைப் பொருத்தி, மூக்கால் அதைத் தொட்டால் நாவால் ஒரு சொடுக்கொலி எழுப்பி, உடனே வாளியில் ஒரு துண்டு போடுவோம். தொடக் கற்ற குதிரை பந்தைப் பின்தொடரவும், ஓரிடத்தில் நிற்கவும் கற்றுக்கொள்ளும். கதவு திறக்கும் திறமை உள்ள குதிரை இதை மிக விரைவில் பிடித்துக்கொள்ளும். அந்தியூர் ஐயா சொன்ன முறையும் இதுவும் முரண்பட்டவை அல்ல. காலுக்கு அவர் முறை, வாய்க்கு இது.

புல்லை விட்டு மற்றவற்றை விரட்டுவதற்கு, குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒரு குவியல் கூடுதலாக, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளிவிட்டுப் போடுங்கள். விரட்டும் குதிரை ஒரே நேரத்தில் எல்லாக் குவியல்களையும் காக்க முடியாது, சிறிது நேரத்தில் சலித்துத் தின்னத் தொடங்கிவிடும்.

இனி விடுதி. பெருவாரியான பெரிய காப்பகங்கள் இங்கே குதிரையை விற்பதும் இல்லை, முழுதாகக் கொடுத்துவிடுவதும் இல்லை. உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தின் பேரில் வளர்க்கக் கொடுக்கிறார்கள். இடையிடையே சென்று பார்வையிடுகிறார்கள். நிலைமை சரியில்லை என்றால் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். அந்த வகையில் நல்ல வீடு கிடைத்தால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் சேணப் புண்ணோடு சவாரித் தொழிலிலிருந்து வந்த குதிரையை, இன்னும் காரணம் தெரியாத கால் வலியோடு அதே தொழிலுக்குத் திருப்பி அனுப்புவதைக் காப்பகம் என்ற பெயர் தாங்கிய எந்த இடமும் செய்யக் கூடாது. சேணத்தையும் சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுவதில்லை என்பது இங்கே பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 220 கிலோ குதிரைக்கு அது 44 கிலோ. சேணத்தைக் கழித்தால் சிறு குழந்தைகள் மட்டுமே ஏறலாம். விடுதிக்கு வரும் தந்தைமார் யாரும் அந்தக் கணக்கைப் பார்க்கப் போவதில்லை.

பதில்
எழுதியவர்: மந்தை மருத்துவன்

நார்ஃபோக் சகோதரியின் கணக்கோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இழுவை, பொதி விலங்குகளுக்கான நம் நாட்டு 1965-ஆம் ஆண்டு விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோ வரை பொதி ஏற்ற அனுமதிக்கின்றன. விடுதிக்காரர் அதைக் காட்டக்கூடும். அது பொதுவான சட்ட உச்சவரம்பு. உங்கள் குதிரையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. நலமான முதுகுக்கே அதிகம். மேலும், 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதும் குற்றம். ஆகவே குதிரை வந்து சேர்ந்த நாளின் படங்களையும் குறிப்புகளையும் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் பழைய உரிமையாளர் யாரேனும் வந்து கேட்டால் பயன்படும்.

பதில்
எழுதியவர்: கோத்தகிரிச் சரிவு

மருத்துவர் வந்து பார்த்துவிட்டார். இடது பின்னங்குளம்பின் அடியில் பழைய ஆணித்துளையை ஒட்டிச் சீழ் கட்டியிருந்தது. திறந்து வடித்துக் கட்டுப் போட்டிருக்கிறார். இரத்த மாதிரி போயிருக்கிறது, முடிவு வரவில்லை. முக எலும்பில் வீக்கம் தென்படவில்லை என்றாலும் தவிட்டைக் குறைக்கத் தொடங்கிவிட்டோம், கொள்ளு நின்றுவிட்டது. விடுதிக்காரருக்கு இயலாது என்று எழுதிவிட்டோம். அடித்தாழ்ப்பாள் போட்ட அன்றே மேல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, கதவு ஏன் நகரவில்லை என்று நெடுநேரம் அதை முட்டிக்கொண்டிருந்தது. கேரட் குழாய்க்கு நிர்வாகக் குழு இன்னும் இணங்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. குளம்பு ஆறியதும் நான்கு கால்களுக்கும் லாடம் அடித்துவிட வேண்டும் என்று லாடக்காரர் சொல்கிறார். தேவைதானா?

பதில்
எழுதியவர்: மந்தை மருத்துவன்

தார்ச்சாலையில் சுமையோடு நடக்காத குதிரைக்கு லாடம் கட்டாயம் அன்று. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவிச் சமன்செய்தால் போதும். மழைக்காலத்தில் சேற்றிலேயே நிற்காதபடி, மேடான ஓரிடத்தில் சரளைக்கல் பரப்பி வையுங்கள். நாள்தோறும் குளம்பின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், கெட்ட வாடை வந்தால் சொல்லுங்கள். கட்டுப் பிரிக்கும் நாளில் லாடக்காரரை வரச் சொல்லாதீர்கள். சாக்குக் குச்சிப் பழக்கம் முடியும் வரை அவர் காத்திருக்கட்டும்.